இளவரசிக்கு ஒரு பெயர்

சென்னையிலிருந்து பதிப்பாளர் ரவிசந்திரன் மறுபடியும் போன் செய்யப்போகிறார் என்று தெரிந்ததும், மாமனார் காலையிலேயே சவரம் செய்து சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நாவலுக்குத் தலைப்பு வேண்டும். அட்டை அச்சுக்குப் போகாமல் நிற்கிறது. மாமனார் ஏற்கெனவே சொன்ன 'வெண்ணாற்று நிலா', 'லாயத்து ரோஜா' எல்லாவற்றையும் ரவிசந்திரன் தள்ளிவிட்டார். சரித்திரக் காதல் கதை என்றால் பெண் பெயர்தான் விற்கும், நல்லதாக ஒன்று யோசியுங்கள் என்று சொல்லியிருந்தார்.

நான் ரமா, இந்த வீட்டு மருமகள். கும்பகோணத்திலிருந்து புனே விமான் நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ரிடையரான என் மாமனார் பட்டாபிராமனுக்குக் கை நடுக்கம். என் கணவர் பத்ரிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே, மாமனார் சொல்லச் சொல்ல நாவல் முழுவதையும் எழுதியது நான்தான். தஞ்சாவூர் மராட்டிய அரண்மனை, ஓர் இளவரசி, குதிரை லாயத்தில் ஒரு வீரன். இருவரும் ஓடிப்போகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் ராஜா பல்லக்கு அனுப்பி வரவழைத்து மார்போடு அணைத்துக்கொள்கிறார். அதைச் சொல்லும்போது மாமனாருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் இந்த வீட்டிலும் ஒருத்தி ஓடிப்போனாள். பத்ரியின் அக்கா வைஷ்ணவி. ஆகுர்டியில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு மராட்டிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சேதி வந்த அன்று மாமனார், செத்தவர்களுக்குக் குளிப்பதுபோல் அவளுக்குத் தலைமுழுகினார். மாமியார் சரசாவையும் முழுக வைத்தார். அதன்பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சில வருஷம் கழித்துப் பிரசவத்தில் அவள் நிஜமாகவே போய்விட்டாள். அவள் புருஷன் வாசலில் வந்து நின்று அழுதாராம். அவளுக்குத்தான் அன்னிக்கே குளிச்சாச்சே என்று சொல்லிவிட்டு மாமனார் பேப்பரைப் பிரித்துக்கொண்டாராம். மாமியாரையும் அனுப்பவில்லை. பெற்றவளுக்குக் கடைசியாக முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. இதெல்லாம் பத்ரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன் அடித்தது. மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வைஷ்ணவின்னு வெச்சுடுங்கோ. உள்ள இளவரசி பேரையும் அப்படியே மாத்திடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரவிசந்திரனுக்குப் பிடித்துப்போயிற்று போலிருக்கிறது. மாமனார் முகத்தில் நான் பார்த்தேயிராத ஒரு நிம்மதி. மனுஷன் பாவம் என்றுகூட நினைத்தேன். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே மாமியார் சமையலறையிலிருந்து வந்தார்.

"வேண்டாம்னு சொல்லுங்கோ" என்றார். சத்தம் போடவில்லை.

மாமனார் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, அவளுக்காகத்தான், அவள் பேராவது நிற்கட்டும் என்றுதான் என்று கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"பல்லக்கு அனுப்பற ராஜாவோட பொண்ணு இல்லை அவ. நீங்க வேண்டாம்னு குளிச்ச பொண்ணு. இத்தனை நாளும் நான் ஒருத்திதான் மனசுக்குள்ள அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுண்டிருக்கேன். அதையும் எடுத்துண்டுட்டா எனக்கு என்ன இருக்கு?"

ரிசீவரில் ஹலோ, ஹலோ என்று ரவிசந்திரனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மாமியார் குனிந்து, போனில் ரிசீவர் வைக்கிற இடத்தை விரலால் அழுத்தினார். லைன் போயிற்று. அவர் விரலை எடுக்கவில்லை. மாமனார் ரிசீவரை மெல்லக் காதுக்குக் கொண்டுபோய், அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.