காலையில் ஏற்றாத சுடர்

எண்ணெய்க் கிணற்றில் எல்லோரும் அவனை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் வெந்நீர் கொட்டினாலும் யோசித்துவிட்டுத்தான் துள்ளுவான் என்று கேலி. அந்த நிதானம்தான் அன்று அவன் குடியைக் கெடுக்கப் பார்த்தது.

எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயுவை அங்கே பதினோரு வருஷம் உயரக் குழாயில் ஏற்றிச் சும்மா எரித்துக்கொண்டிருந்தார்கள். கொடியில் காயும் வெள்ளைத் துணியெல்லாம் கரி. போன வருஷம் யாருக்கோ புத்தி வந்து, அந்த வாயுவிலேயே ஓடும் ஜெனரேட்டரை வைத்தார்கள். புகை நின்றது. கிணற்றை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பின் ஆறு வீடுகளுக்கும் கரண்ட் கிடைத்தது. பெண்கள் மண்ணெண்ணெய் அடுப்பை மூலையில் தள்ளிவிட்டு மின்சார அடுப்புக்கு மாறினார்கள். கரண்ட் போனால் மட்டும் பழைய அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

ஜெனரேட்டர் நின்றால் வாயு மறுபடி உயரக் குழாய்க்குப் போகும். அதன் வாயில் 'பைலட்' என்ற சின்னச் சுடர் எப்போதும் எரிந்து, வருகிற வாயுவைப் பற்றவைக்கும். அது அணைந்திருந்தால் வாயு அப்படியே வெளியே கொட்டும்.

அன்று காலை எட்டு மணிக்கே அது அணைந்திருந்ததை நிதானம் பார்த்தான். தானாகப் பற்றவைக்கும் கருவி ஒரு வாரமாகப் பழுது. நீளக் கம்பியில் துணி சுற்றிக் கையால்தான் ஏற்ற வேண்டும். வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதே அதற்கு வேண்டியதை எடுத்து வந்தான். ஆனால் பம்ப் கசிகிறது என்று கூப்பிட்டுவிட்டார்கள். ஜெனரேட்டர்தான் ஜம்மென்று ஓடுகிறதே, மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

பதினொன்றரைக்கு ஜெனரேட்டர் நின்றது.

அவன் முதலில் செய்த காரியம் அதை மறுபடி கிளப்பப் பார்த்தது. கிணற்றை மூடினால் திறக்க இரண்டு நாள் ஆகும், மேலதிகாரி வறுத்தெடுத்துவிடுவார் என்ற பயம். இரண்டு நிமிஷம் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தான். அப்புறம்தான் மூக்கில் அந்தப் பெட்ரோல் வாடை ஏறியது. இந்த வாயு கனமானது, தரையோடு ஊரும். காற்று குடியிருப்புப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அங்கே கரண்ட் போயிருக்கும். உலை பாதியில் நின்றிருக்கும்.

அவன் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்துக் கிணற்றை மூடினான். போனில் சிக்னல் இல்லை. செல்போன் கோபுரத்துக்கும் இதே கரண்ட்தான். ஜீப்பைக் கிளப்பினால் வாயு பற்றிக்கொள்ள அதன் பொறியே போதும். ஓடினான். வாழ்நாளில் ஓடாத ஓட்டம். முதல் வீட்டிலிருந்தே, அடுப்பைப் பற்றவைக்காதீங்க, எல்லாரும் மேட்டுப் பக்கம் போங்க என்று கத்திக்கொண்டே போனான். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கடைசி வீடு அவனுடையது. அந்தக் கதவு திறக்கவில்லை.

தள்ளிக்கொண்டு நுழைந்தான். அடுக்களை முழுக்க அதே வாடை. மனைவி மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரே ஒரு தீக்குச்சி.

பாய்ந்து அதைப் பிடுங்கினான். அவள் கோபமாக நிமிர்ந்தாள்.

"பெட்டியை எங்கதான் வச்சீங்க? வீடு முழுக்கத் தேடிட்டேன். அலமாரியில இந்த ஒத்தைக் குச்சிதான் கிடைச்சுது. செவுத்துல ரெண்டு தடவை ஒரசிப் பார்த்தேன், பத்தவே மாட்டேங்குது."

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. தீப்பெட்டி அங்கே இருந்தது.

அவளைத் தூக்காத குறையாக மேட்டுக்கு இழுத்துப்போனான். மூச்சு வாங்க நின்றபோது அவள் அவன் சட்டைப்பையில் துருத்திய தீப்பெட்டியைப் பார்த்தாள், அப்புறம் சுடரே இல்லாத அந்தக் குழாயைப் பார்த்தாள். பதினோரு வருஷம் அதன் கீழே குடித்தனம் நடத்தியவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இதை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பைலட் ஏத்த."

"எப்போ ஏத்தியிருக்கணும்?"

"எட்டு மணிக்கு."

அவள் அவன் பிடியிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டாள்.