எதிரே உட்கார்ந்த ஓரகத்தி

என் ஓரகத்திக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடமாவது சொல்கிறவர். எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் அண்ணன் தம்பி. ஒரே வீடு, ஒரே சமையலறை. என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு நூலக மாடியில் கோ என்றொரு விளையாட்டு சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கா போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து பாத்திரம் தேய்க்கும்போதுகூட அதே பேச்சுதான்.

"கட்டம் போட்ட பலகை. ஒருத்தருக்குக் கறுப்புக் கல், இன்னொருத்தருக்கு வெள்ளை. கோடும் கோடும் சேர்ற இடத்துல வைக்கணும். வச்சதை நகர்த்த முடியாது. கல்லை ஒட்டி இருக்கிற காலி இடம்தான் அதோட மூச்சு. எல்லா மூச்சையும் எதிராளி அடைச்சிட்டா கல் செத்துச்சு, எடுத்துடுவாங்க. கடைசியில யார் அதிக இடத்தை வளைச்சுப் போட்டாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. புரியுதா?"

நான் "ம்" கொட்டுவேன். பாதி காதில் விழும், பாதி குழாய்த் தண்ணீரோடு போய்விடும்.

அக்கா ஒரு நோட்டுப் போட்டிருந்தார். எதிராளி இங்கே வைத்தால் நான் இங்கே, அங்கே வைத்தால் அங்கே என்று பக்கம் பக்கமாகப் படம். ஆனால் எதிராளிகள் யாரும் அந்த நோட்டைப் படிக்கவில்லை. வாரம் தவறாமல் முகம் வெளிறித் திரும்பி வருவார்.

"வகுப்புக்கு வர்ற அந்த லாரிக்காரர் இன்னிக்கு எங்க வச்சார் தெரியுமா? யாருமே வைக்காத இடம்! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"நீங்க பதிலுக்கு எங்க வச்சீங்க?"

"எங்க வைக்கறது? தோத்துட்டு வந்தேன்."

போன ஞாயிற்றுக்கிழமை காலை, புதிதாகக் கற்பவர்களுக்கு நூலகத்தில் ஒரு போட்டி. தனியாகப் போகப் படபடப்பாக இருக்கிறது, துணைக்கு வா என்றார். போனேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி பிடித்து, பையில் கொண்டுபோன வெண்டைக்காயை நறுக்கலாம் என்று இருந்தபோது நூலகர் கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"ஒருத்தர் வரல. ஒற்றைப்படையா நிக்குது. யாராவது சும்மா ஒரு ஆட்டம் உக்காந்தா போதும்."

அக்கா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "இவ உக்காருவா. ஆறு மாசமா கேட்டுக்கிட்டுதானே இருக்கா" என்றார்.

சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு எதிராக வந்த சீட்டு அக்காவுடையது.

பதின்மூன்று கோட்டுப் பலகை. அக்கா கறுப்பு, நான் வெள்ளை. பக்கத்தில் கடிகாரம் டிக் டிக் என்றது. அக்கா தன் வலது கைப் பக்கம் மூலையில் டக்கென்று ஒரு கல் வைத்தார். எனக்கு எங்கே வைப்பது, எதற்கு வைப்பது, ஒன்றும் தெரியவில்லை. தபால் பிரிக்கும் வேலை எனக்கு. எண்ணைப் பார்த்து, அதற்குரிய அறையில் கடிதத்தைப் போடுவேன். கை அந்தப் பழக்கத்துக்குத்தான் போனது. அக்கா தன் கைக்கு எந்த இடத்தில் வைத்தாரோ, என் பக்கத்திலிருந்து அதே இடத்தை எண்ணி நானும் வைத்தேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பத்துக் கல் ஆனதும் அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டுமென்றே ஓரத்துக் கோட்டில், ஒன்றுக்கும் உதவாத இடத்தில் ஒரு கல் வைத்தார். நானும் என் ஓரத்தில் வைத்தேன்.

"சார், இங்க வாங்க" என்று நூலகரை அழைத்தார். "நான் வைக்கிறதையே இவ வைக்கிறா. இப்படி ஆடலாமா?"

நூலகர் குனிந்து பார்த்தார். புருவம் மேலே போனது. "தடை இல்லைங்க. பெரிய ஆட்டக்காரங்களே சில நேரம் இப்படி ஆடுறதுண்டு. முறிக்க வழி இருக்கு. ஆட்டம் நடக்கும்போது நான் சொல்லக் கூடாது."

பெரிய ஆட்டக்காரர்கள் என்ற சொல்தான் வினை. அக்கா என் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "எத்தனை நாளா நடக்குது இது? யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்றார்.

"சத்தியமா யார்கிட்டயும் இல்லக்கா. ஒண்ணும் தெரியாமத்தான்…"

"தெரியாமயா? ஆறு மாசமா ம் கொட்டிட்டு எனக்கே குழி தோண்டியிருக்கே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட என்னிடம் இந்தக் குரலில் பேசியதில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா நோட்டை நினைப்பதை விட்டுவிட்டார். மூலைகளை விட்டுப் பலகையின் நடுப்பக்கம் கல்லை வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். எதிர்ப் பக்கமிருந்து என் வரிசையும் அதேபோல் வந்தது. நட்டநடுவில் ஒரே ஒரு புள்ளி காலி. திடீரென்று அவர் முகம் தெளிந்தது. நடுப்புள்ளியில் ஓங்கி வைத்தார்.

"இப்ப இதைக் காப்பியடி பாப்போம்! உன் வரிசைக்கு மிச்சம் ஒரே ஒரு மூச்சுதான்."

உண்மைதான். பலகைக்கு ஒரே ஒரு நடுதான் இருக்கிறது. என் கை கல்லோடு நின்றுவிட்டது. முதல் தடவையாகப் பலகையை நிஜமாகப் பார்த்தேன். என் வரிசையைச் சுற்றி விரலால் தடவினேன், மூச்சுவிட ஒரு ஓட்டைதான். சரி, செத்தோம் என்று அக்காவின் வரிசையையும் சும்மா தடவிப் பார்த்தேன். அதற்கும் ஒரு ஓட்டைதான். இன்னொரு முறை தடவினேன். ஒன்றேதான். வைக்க வேண்டியது நான்.

வைத்தேன்.

பக்கத்துப் பலகைக்காரர் "ஐயோ" என்றார். நடுக் கல்லோடு சேர்த்து எட்டுக் கறுப்புக் கற்களை நான் ஒவ்வொன்றாக எடுத்தேன். இரண்டு கைநழுவிக் கீழே உருண்டன. பலகையின் நடுவே பெரிய பள்ளம் விழுந்ததுபோல் இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

அக்கா எழுந்து வெளியே போனார். முடிந்தது, வீட்டிலும் இனிப் பேச்சு இல்லை என்றே நினைத்தேன். நாலு நிமிடம் கழித்து, முகம் கழுவி, முன்முடி ஈரமாக, திரும்பி வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. கற்களை மட்டுமே பார்த்தார். நிதானமாக, நான் எனக்கென்று நினைத்திருந்த மூலைக்குள்ளேயே ஒரு கல் வைத்தார்.

பார்த்து எழுத எதுவும் இல்லாத மாணவிபோல் நான் தடுமாறினேன். தடுக்கிறேன் என்று வைத்த கல்லெல்லாம் என் மூச்சையே அடைத்தது. கடைசியில் பதினோரு வெள்ளைக் கற்கள் அந்த மூலையோடு போயின. நூலகர் இடத்தை எண்ணினார். அக்காவுக்கு நாலு புள்ளி வெற்றி.

அதைக் கேட்டதும் எனக்கு வந்ததுதான் அன்றைய பெரிய அதிர்ச்சி. கோபம்! காது சுட்டது. சும்மா ஒப்புக்கு உட்கார்ந்தவள், நறுக்காத வெண்டைக்காயோடு வந்தவள், தோற்றதற்காகக் கோபப்பட்டு நிற்கிறேன்.

திரும்பி வரும்போது மூன்று தெரு தாண்டித்தான் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நிஜமாவே தெரியாதா உனக்கு?" என்றார் அக்கா.

"நிஜமாவே."

"அப்ப அந்த ஓட்டை?"

"அக்கா, நீங்களே பாக்கலையா? விரலால தடவிப் பாத்தேன், அங்க இருந்துச்சு."

"உன் மூச்சையே பாத்துட்டு இருந்தேன். என் மூச்சைப் பாக்கல. அப்புறம் முகம் கழுவும்போதுதான், எட்டுக் கல் போனாப் போகட்டும், மிச்சப் பலகை இருக்கேன்னு தோணுச்சு." பிறகு மெதுவாக, "நீ குழி தோண்டினேன்னு நான் சொன்னது தப்பு. மனசுல வச்சுக்காதே" என்றார்.

"வச்சுக்கத்தான் போறேன்" என்றேன். "வியாழக்கிழமை வகுப்புக்கு என் பேரையும் குடுத்துடுங்க. அந்த மூலையை நீங்க எப்படி எடுத்தீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"சமையல்?"

"அண்ணனும் தம்பியும் பாத்துக்கட்டும்."

அக்கா நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் இரண்டு தடவை ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.