காபி குடித்ததாக ஒரு பதிவு

அக்டோபர் 18, சனிக்கிழமை

நேற்று ஒரு பதிவு, வர வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் வந்துவிட்டது. நேரம் குறித்துவைத்தவள் நான்.

நான் படிக்கப் போகும் மாலை வகுப்பில் நாட்குறிப்பை இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அன்றைய தவறு, பிறகு நடந்தது, கடைசியில் மறுநாள் வேலை. நேற்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்றும் சரியாக எழுதுவேனா என்று தெரியவில்லை. வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கரக் நகரில் எம்.பி. அபூ காலிபின் அலுவலகத்தில் அவருடைய முகநூல் பக்கத்தை எழுதுவது என் வேலை. தலைநகர் அம்மானில் நாடாளுமன்றச் சபையில் அவர் கேட்கும் கேள்விகள், ஊரில் போய்வரும் துக்க வீடுகள், திறந்துவைக்கும் சாலைகள், பெண் கேட்க முன்நின்று போகும் ஜாஹாக்கள் எல்லாம் என் வழியாகத்தான் ஜனங்களைப் போய்ச் சேர்கின்றன. சபைக்குக் கூப்பிடுவதைவிட ஜாஹாவுக்குத்தான் அவரை அதிகம் கூப்பிடுகிறார்கள். பெண் கேட்கப் போகும் பெரியவர்களுக்கு முன்னால் ஒரு எம்.பி. நடந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு எடுப்பு. பெண் வீட்டில் அவர் முன்னால் காபி ஊற்றி வைப்பார்கள். அவர் அதைத் தொட மாட்டார். வந்த காரியத்தைச் சொல்வார். பெண்ணின் தரப்பு சம்மதம் சொல்லி, காபியைக் குடியுங்கள் என்ற பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும்.

எங்கள் பக்கத்துக்கு வேகம்தான் பெருமை. இதே மாவட்டத்தின் இன்னொரு எம்.பி.யின் பக்கம் எதிலும் முந்திவிடக் கூடாது. எங்கள் எம்.பி. கோப்பையைக் கீழே வைப்பதற்குள் வாழ்த்துப் பதிவு வந்திருக்க வேண்டும். அதனால் பதிவை முதல் நாளே எழுதி, நேரம் குறித்து வைத்துவிடுவேன். ஜாஹா பதிவுக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது. பெயர்களை மாற்றினால் போதும். பெண்ணின் அப்பா சொன்னதாக அதில் ஒரு வாக்கியம் வரும்: "உங்களைப் போன்றவர்கள் கேட்டால் பெண்ணை மட்டுமல்ல, உயிரையும் தருவோம்." இந்த மாவட்டத்தின் எத்தனையோ அப்பாக்கள் என் புண்ணியத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் ஆட்சேபித்ததில்லை.

நேற்றைய ஜாஹா எங்கள் வீட்டுக்கு வந்தது. பெண் நான்.

மாப்பிள்ளை சுஹைப், அகபா துறைமுகத்தில் நில அளவையாளர். சொந்த ஊர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான். எம்.பி. ஒரு சாலையைத் திறந்துவைத்தார் என்று நான் போட்ட பதிவின் கீழே, "சாலை பாலம் வரைக்கும்தான் போட்டிருக்கிறது, மீதி மண்" என்று எழுதியவர் அவர். வசை எழுதுகிறவர்களுக்கு நடுவே அளந்து எழுதிய ஒரே ஆள். நான் விசாரித்துப் பதிவைத் திருத்தினேன். நன்றி என்று எழுதினார். அப்படித்தான் தொடங்கியது. இரண்டு வருடமாக அவருடைய விடுமுறைகளை வைத்துத்தான் எனக்கு மாதங்கள் நகர்கின்றன. அகபாவில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார். மொட்டை மாடியிலிருந்து கடல் தெரியுமாம். நான் இன்னும் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. புகைப்படத்தில் பார்த்துப் பார்த்து, துணி உலர்த்தும் கயிறு எந்தப் பக்கம் என்பதுகூட எனக்குத் தெரியும்.

இரண்டு வீட்டுப் பெண்களும் முன்பே பேசி முடித்துவிட்டார்கள். ஜாஹாவுக்கு மிஞ்சியது கேள்வியும் பதிலும்தான். எங்கள் வீட்டில் யார் வந்து கேட்டாலும் பதில் சொல்பவர் மிஜ்ஹிம் பெரியப்பா. இந்த முறை நானே சொல்கிறேன் என்று அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆகட்டும் ஐயா என்று சொல்லியே காலம் கழித்தவர். அவரிடம் யாரும் எதையும் கேட்டு நின்றதில்லை. வாரம் முழுக்க, முகம் மழிக்கும்போது குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவர் ஒத்திகை பார்ப்பது கேட்டது.

"அகபா ரொம்ப தூரம். அந்த ரோடு எனக்குத் தெரியும்..."

அங்கே நின்றுவிடுவார். தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அதற்கு மேல் ஒருநாளும் நான் கேட்கவில்லை.

கேட்டிருந்தும் பதிவில் வார்ப்பு வாக்கியத்தைத்தான் போட்டேன். அன்று நான் பெண்ணாக உள்ளே இருக்க வேண்டியவள். பக்கத்தின் கடவுச்சொல்லைப் புகைப்படக்காரன் தாமிரிடம் கொடுத்திருக்கலாம். எழுத்துப்பிழை விடுவான் என்று கொடுக்கவில்லை. எம்.பி. ஜாஹாவில் எவ்வளவு நேரம் பேசுவார் என்று எனக்கு அத்துப்படி. அதை வைத்து நேரம் குறித்தேன்.

நேற்று அவர் அந்த அளவோடு நிறுத்தவில்லை. வழக்கமான துதியும் வாழ்த்தும் முடிந்த பிறகு என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இந்தப் பெண் வந்த பிறகுதான் என் பக்கத்தில் பொய் குறைந்தது என்றார். சபையின் தண்ணீர்க் குழுவில் அவர் கேட்ட கேள்வியை எழுதிக் கொடுத்தவள் நான் என்றார். திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். பதிவு ஞாபகமே இல்லை.

பெரியப்பாவின் தொலைபேசி அடித்தது. அவருக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். ஸர்காவிலிருந்து அவர் மகன். அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"வாழ்த்துகள்ப்பா. காபி குடிச்சாச்சாமே. சித்தப்பா உயிரையே தர்றேன்னு சொன்னாராம், எம்.பி. பக்கத்துல போட்டிருக்கு."

எல்லோர் முன்னாலும் கோப்பைகள் நிறைந்திருந்தன. அப்பா பெரியப்பாவிடமிருந்து தொலைபேசியை வாங்கி, பக்கத்தைத் திறந்து, கையை நீட்டிப் பிடித்து, பதிவை முழுவதும் படித்தார். கண்ணாடி இல்லாததால் மெதுவாகத்தான் படிக்க முடிந்தது. படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பதில் நான் சொல்லியாச்சு போல. அப்புறம் எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க?"

எம்.பி. எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். சின்னப் பிள்ளைகள் செய்த அவசரம் என்றார். அப்பா அவருக்கு மரியாதையாகவே பதில் சொன்னார். நீங்கள் எங்கள் விருந்தாளி, இந்த வீட்டுக் கதவு உங்களுக்கு எப்போதும் திறந்திருக்கும், ஆனால் இன்றைய காபி ஆறிவிட்டது என்றார். சுஹைபின் அப்பா முதலில் எழுந்தார். அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் குடிக்காத கோப்பைகளை விட்டுவிட்டுப் போனார்கள். சுஹைப் கடைசியாகப் போனார். திரையின் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் தெரிந்திருக்க மாட்டேன்.

கோப்பைகள் பக்கத்து வீட்டு உம்மு ஸைஃபிடம் இரவல் வாங்கியவை. நான்தான் கழுவினேன்.

நாளை: வாரத்தின் முதல் வேலைநாள், அலுவலகம். எம்.பி.யிடம் என் தவறு என்று நேராகச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை

இன்றைய தவறு: சொல்ல நினைத்ததை முதலில் சொல்லாமல், எம்.பி.யை முதலில் பேசவிட்டேன்.

அவர் அதற்குள் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். பக்கத்தை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று ஒரு பதிவு போடு, அத்தோடு முடிந்தது என்றார். உன் அப்பாவுக்கும் கௌரவம், எனக்கும் கௌரவம். எந்த எம்.பி. பக்கம்தான் ஹேக் ஆகவில்லை?

தாமிர் கேமராவைத் துடைத்தபடி சொன்னான். "ஒருத்தர் பக்கம் போன வருஷம் மூணு தடவை ஹேக் ஆச்சு ருதைனா. மூணும் அவர் பேட்டி குடுத்த மறுநாள்."

எழுத உட்கார்ந்தேன். இந்த மாதிரிப் பதிவுக்கும் வார்ப்பு உண்டு. "தீய நோக்கம் கொண்ட சிலர்" என்று தொடங்கும். அதை அடித்ததும் அப்பா கையை நீட்டிப் பிடித்து இதைப் படிப்பது கண்முன் வந்தது. அவர் எங்கள் பக்கத்தைத் தினமும் படிப்பவர். மகள் எழுதுவது என்பதற்காக மண்சாலையைக்கூடப் படிப்பார். பொய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஆகட்டும் என்று சொல்லிவிடுவார், அதுதான் அவர் பழக்கம். கல்யாணம்கூட நடந்துவிடும். அகபாவுக்குப் போய் அந்தக் கடலைப் பார்த்து நின்றாலும், குளியலறையில் பாதியில் நின்ற அந்த வாக்கியம் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

அழித்துவிட்டு வேறு எழுதினேன். வெள்ளிக்கிழமை காபி குடிக்கப்படவில்லை. பதில் கேட்கும் முன்பே பதில் வந்ததாக இந்தப் பக்கம் எழுதியது. அந்த வீட்டுக்காரர் சொன்னதாகப் போட்ட வார்த்தைகள் அவருடையவை அல்ல. அவர் வார்த்தையை நாங்கள் இன்னும் கேட்கவில்லை. தவறு இந்தப் பக்கத்தினுடையது.

எம்.பி. இரண்டு முறை படித்தார். அபூ காலிப் தப்புச் செய்தான் என்று இதை அந்த இன்னொரு எம்.பி. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவான் என்றார். அப்படியானால் வேறு ஆளை எழுதச் சொல்லுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் வேலையே போய்விடும் என்பது உறைத்தது.

அவர் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"'பக்கத்தினுடைய தவறு'ன்னா என்னம்மா? பக்கத்துக்குக் கை காலு இருக்கா? என் தவறுன்னு போடு."

போட்டேன். வகுப்புக்குப் புறப்படும்போது தாமிர் ஓடிவந்து காட்டினான். எந்தச் சாலைக்கும் இவ்வளவு விருப்பங்கள் விழுந்ததில்லையாம். எம்.பி. அதைக் கணக்குப் போட்டுத்தான் மாற்றினாரா, மனதிலிருந்து மாற்றினாரா என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே போனேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

சுஹைபிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. காலைப் பேருந்தில் அகபாவுக்குத் திரும்பியிருப்பார். அவருடைய அப்பா, பேசக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். பாடம் நடந்தபோது தொலைபேசியை மடியில் வைத்திருந்தேன். அது அடிக்கவே இல்லை.

நாளை: இரவல் கோப்பைகளை உம்மு ஸைஃபிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 20, திங்கட்கிழமை

இன்றைய தவறு: கோப்பைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காரணம் கீழே.

மதியம் சுஹைபிடமிருந்து செய்தி வந்தது. ஒரே வரி. "சாலை பாலம் வரைக்கும் போட்டாச்சு, மீதி மண்ணுதான், ஆனா நடக்கலாம்." அவருடைய அப்பாவும் பதிவைப் படித்து இறங்கி வந்திருக்கிறார் என்று புரிந்தது. அலுவலகக் கழிவறையில் போய் நின்று முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அடுத்த விடுமுறை நோன்புக்கு முன்னால் கிடைக்குமா என்று கேட்டு எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அதைக் கேட்க வேண்டியவள் நான் இல்லை.

இன்று வகுப்பு இல்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பா கூடத்தில் இருந்தார். பதிவைப் பற்றி நேற்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. நான் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துண்டில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கம்மா எடுத்துட்டுப் போற?"

"உம்மு ஸைஃப் வீட்டுக்குப்பா. அவங்களுது."

"இருக்கட்டும். இன்னொரு தடவை வேணும்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "அபூ காலிபை வரச் சொல்லு. போனெல்லாம் வண்டியிலயே வச்சிட்டு வரட்டும். கொஞ்சம் சுருக்கமாப் பேசச் சொல்லு, காபி ஆறிடும்."

சரி என்றேன். எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அது அந்தப் பையனுக்கு விடுமுறை கிடைக்கும்போது என்று அவரே சொன்னார். பையன் என்றுதான் சொன்னார், பெயர் சொல்லவில்லை.

பிறகு முகம் மழிக்க எழுந்து போனார். கதவு மூடியது. தண்ணீர் விழுந்தது. அகபா ரொம்ப தூரம் என்று தொடங்கினார். நான் துண்டுகளைப் பிரித்துக் கோப்பைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். முழுதும் கேட்காமலிருக்க, சத்தம் வரும்படியாகவே வைத்தேன்.

நாளை: பக்கத்தின் கடவுச்சொல்லைத் தாமிரிடம் கொடுக்க வேண்டும். ஜாஹா வார்ப்பிலிருந்து பெண்ணின் அப்பா சொல்லும் வாக்கியத்தை நீக்க வேண்டும். கோப்பைகள் இன்னும் சில வாரம் எங்களிடம் இருக்கும் என்று உம்மு ஸைஃபிடம் சொல்ல வேண்டும்.