பதினேழாம் பை

…சாயங்காலம் சொல்றேன் மிஸ் என்றால் என்ன அர்த்தம், போனை விட்டுவிட்டுப் போகிறேன் என்றா, எடுத்துக்கொண்டு போகிறேன் என்றா, காலையில் அந்தப் பெண் போகிற போக்கில் சொன்னதைக் கணக்கு டீச்சர் மத்தியானச் சாப்பாட்டோடு சேர்த்து மென்றும் விழுங்க முடியாமல் கடைசிப் பீரியட் வரை கொண்டுவந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு தலையைக் குனிந்து தேர்வு எழுதுகிறது. மணி அடிக்க இன்னும் அரை மணி. கரும்பலகைக்குப் பக்கத்தில், ஆணியில், அவள் தொங்கவிட்ட துணித் தொங்கல், முப்பத்தாறு பைகள், கடையில் செருப்பு வைக்கவென்று விற்பதுதான், இவள் அதை வாங்கிவந்து ஒவ்வொரு பைக்கும் எண் தைத்தாள். காலையில் வந்ததும் போனைப் பையில் போட வேண்டும், மணி அடித்ததும் எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து நின்று பாராட்டினார், பிள்ளைகள் அன்றைக்கே இவளுக்கு 'சைலண்ட் மோடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைக்கட்டுமே, போன வருஷம் வைத்த 'கழித்தல் குறி'க்கு இது எவ்வளவோ மேல். முப்பத்தைந்து பிள்ளைகள், கடைசிப் பை மட்டும் காலி. பதினேழாம் பையில் மஞ்சள் உறை எட்டிப் பார்க்கிறது.

காலையில் அப்படிச் சொன்ன அந்தப் பதினேழுதான் இப்போது மூன்றாம் பெஞ்சில் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் அவள் அம்மா வந்து அழாத குறையாகப் பேசினாள், ஒரு கை தட்டுல, ஒரு கை போன்ல மிஸ், பிடுங்கினா ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிறா, நான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போவேனா, இவ பின்னாடியே நிப்பேனா… சரி, அம்மாக்கள் வருவதும் புலம்புவதும் புதிதில்லை. ஆனால் அடுத்த வாரமே மாடிப்படியில் அந்தப் பெண்ணே வழிமறித்தாளே, அதுதான் புதிது. வெள்ளிக்கிழமை போனை எடுக்காம விட்டுட்டுப் போகட்டா மிஸ், திங்கக்கிழமை வாங்கிக்கிறேன், பீரோல பூட்டி வெச்சிடுங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க, சிரிப்பாங்க. ஏம்மா திடீர்னு, என்றதற்குக் கீழே பார்த்துக்கொண்டு, யாரோ ஒருத்தி போட்டோவுக்கு எத்தனை லைக்னு பாத்ரூம்ல உக்காந்து பார்த்துட்டிருந்தேன் மிஸ், அவ யாருன்னே எனக்குத் தெரியாது, என்றாள். பதினாலு வயசில் தன்னைத்தானே இப்படிக் கையும் களவுமாகப் பிடித்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? போன வெள்ளிக்கிழமை சொன்னபடி விட்டுவிட்டுப் போனாள். திங்கட்கிழமை காலையில், எப்படி இருந்துச்சு என்று கண்ணாலேயே கேட்டாள் டீச்சர், அவளும் கண்ணாலேயே சிரித்தாள். அதோடு சரி. அந்த மத்தியானத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன நடந்தது? யாராவது கண்டுபிடித்துக் கேலி செய்தார்களா? அல்லது மறுபடியும் அந்த லைக் கணக்கிலேயே போய் விழுந்துவிட்டாளா? இன்றைக்கு, இந்த வெள்ளிக்கிழமை, விடாமல் போனால் அவ்வளவுதான், இனி விடவே மாட்டாள் என்று டீச்சருக்கு உள்ளே அடித்துக்கொண்டது.

கை சும்மா இருக்க மாட்டாமல் திருத்த வேண்டிய நோட்டுகளை இழுத்தாள். நாலாவது நோட்டு பதினேழினுடையது. கையெழுத்து பரவாயில்லை, கோடு போடுவதில்தான் சோம்பேறி… பக்கத்தைப் புரட்டினால் திங்கட்கிழமை தேதி, அதன் கீழே தன்னுடைய சிவப்பு எழுத்து, வீட்டுப்பாடம் செய்யவில்லை, பெற்றோர் கையெழுத்துத் தேவை, அடியில் இரண்டு கோடு வேறு. அம்மா கையெழுத்தும் இருக்கிறது, அவசரத்தில் போட்டது. ஆமாம், மூன்றாம் பீரியடில் நிற்கவைத்தாளே, ரெண்டு நாள் லீவுல அப்படி என்னம்மா வெட்டி முறிச்ச என்று எல்லார் முன்னாலும் கேட்டாளே, மறந்துட்டேன் மிஸ் என்றுதானே சொன்னாள்… மறந்துவிட்டாளா? வீட்டுப்பாடம் என்னவென்று தெரிந்தால்தானே மறப்பதற்கு! டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடத்தை இவள் போட்டது எங்கே? வழக்கம்போல சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு, வகுப்பு வாட்ஸாப் குரூப்பில். அந்தப் பெண்ணின் போனோ இங்கே பீரோவில், சாவி இவள் கைப்பையில். அம்மாவிடம் இருப்பது வெறும் பட்டன் போன். யாரிடமாவது கேட்கலாமென்றால், உன் போன் எங்கே என்று கேட்பார்கள், ரகசியம் போய்விடும். அட மண்டு, அட மண்டு, என்று டீச்சர் தன்னையே திட்டிக்கொண்டாள், இந்த வகுப்பிலேயே, சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே பிள்ளையாகப் பார்த்து நிற்கவைத்திருக்கிறாயே. அந்தக் குழந்தை உன்னைக் காட்டிக்கொடுக்கக்கூட இல்லை. சிவப்புப் பேனாவை எடுத்தாள், 'செய்யவில்லை'யை அடித்தாள், பக்கத்தில் 'தவறு ஆசிரியருடையது' என்று எழுதினாள், தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

பிறகு எழுந்து சாக்பீஸைத் தேடினாள். மூலையில் ஒரு துண்டுதான் கிடைத்தது. பயிற்சி ஐந்து, கணக்கு ஒன்று முதல் எட்டு வரை… எழுத்து மலை ஏறுகிறது, பழக்கம் விட்டுப்போன கை. பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், மிஸ், அது குரூப்ல வருமில்ல? வராது, இனிமே போர்டுலதான், நோட்டுல எழுதிக்கோங்க. ஐயோ என்று ஒரு முனகல் வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிற்று. விடைத்தாளையும் வாங்கி, நோட்டுகளையும் கொடுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லோரும் ஒரே பாய்ச்சலாகத் தொங்கலுக்கு வந்தார்கள், நிமிஷத்தில் பைகள் காலி, வாசலைத் தாண்டும் முன்பே முப்பத்துச் சொச்சம் தலைகள் குனிந்துவிட்டன.

பதினேழு மட்டும் இன்னும் பெஞ்சில். நோட்டைத் திறந்து அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தாள், எவ்வளவு நேரம் பார்த்தாளோ, பிறகு நிமிர்ந்து போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். எழுந்து வந்தாள். கை மஞ்சள் உறைவரை போனது… டீச்சர் போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கக்கிழமை வாங்கிக்கிறேன் மிஸ், என்று பின்னால் குரல் கேட்டது. சந்தோஷத்தில் டீச்சருக்குக் கண் கலங்கியது, சரிம்மா, பத்திரமா போ, என்று திரும்பினால், அந்தப் பெண் போகவில்லை. டீச்சரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரும் பார்த்தாள். தன் கையில் தன் போன். போர்டைக் குறிவைத்து, படம் எடுக்கத் தயாராக, குரூப்பும் திறந்தபடி. எப்போது கைப்பையிலிருந்து எடுத்தாள், யார் எடுக்கச் சொன்னது?

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முப்பத்தாறாம் பை காலியாதான் இருக்கு மிஸ், என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். வாயைப் பாரேன்… டீச்சரும் சிரித்தாள், போனை அணைத்தாள், தொங்கலருகே போனாள். வீட்டுக்காரர் கூப்பிட்டால்? வீட்டில் அவர் இருக்கிறார், அவர் போன் இருக்கிறது. நாத்தனாரின் காலை வணக்கப் பூங்கொத்துகளைப் பார்க்காவிட்டால் குடியா முழுகிப்போகும்? ரெண்டே நாள்தானே, அந்தக் குழந்தை இருக்கவில்லையா… கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது, யாராக இருக்கும், பார்த்துவிட்டுப் போடலாமா, போட்டுவிட்டு… வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருப்பது கணக்கு டீச்சருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.