பணிக்குழுவில் ஒரே ஆள்

1.

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. எங்கள் நூலகம் வெளியிட்ட ஒரு பெரிய புத்தகத்துக்கு ஆசிரியர் 'பணிக்குழு' என்று இன்றும் அட்டையில் இருக்கிறது. அந்தக் குழுவில் இருந்தது ஒரே ஆள். அதைச் சொல்ல வந்து, முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறேன்.

'யாஷ் நகரத்தில் அன்று பனி...' (வேண்டாம். எங்கள் ஊரில் பனி பெய்வதெல்லாம் ஒரு சேதியா?)

'இலக்கிய வரலாற்றாசிரியர் ஒக்டாவியன் ப்ரெலிப்சான் பிறந்த ஆண்டு...' (அவருக்குப் பிடித்திருக்கும். உங்களுக்குத் தூக்கம் வரும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவருக்கு எதிர்மேசை என்னுடையது. பழைய ருமேனியப் பத்திரிகைகளில் புனைபெயரிலும் பெயரே இல்லாமலும் வந்தவற்றை உண்மையில் எழுதியது யார் என்று கண்டுபிடித்து அடைவு தொகுப்பதே அவர் பிழைப்பு. கணப்பு எரியாத அறையில் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருப்பார். ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரைச் சேர்க்க மாட்டார். அவரோடு வேலை பார்த்தால் உயிர் போய்விடும்.

2.

அடைவு அச்சுக்குப் போகும் நேரத்தில், வியன்னாவுக்கு மாநாட்டுக்குப் போன அவர் மகள் ஸ்மராந்தா திரும்பி வரவில்லை. [இங்கே அவளுக்கு ஒரு காதலனை வைத்தேன். எடுத்துவிட்டேன். எங்கள் ஊரிலிருந்து தப்பிப் போக அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் தனிக் காரணம் வேண்டுமா?]

நூலக இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். குறிப்பெடுக்க நானும் போனேன். மகளைக் கண்டிக்கும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டால் புத்தகம் அவர் பெயரில் வரும், இல்லையென்றால் 'பணிக்குழு' பெயரில்தான் என்றார். பிள்ளைகள் ஓடிப்போன வீடுகளில் எல்லோரும் போட்டதுதான்.

"ஒரு கையெழுத்துதான் தோழர். இதெல்லாம் சும்மான்னு பொண்ணுக்கே தெரியும்."

"அவளுக்குத் தெரியலாம். எனக்குக் கை வரலையே."

(இந்த வசனத்தில் வீரம் போதாது என்றார் படித்துப் பார்த்த நண்பர். அன்று ப்ரெலிப்சானிடம் வீரம் இல்லை, அசதிதான்.)

புத்தகம் வந்தது. ஊரார் பெயரையெல்லாம் மீட்டுக் கொடுத்த மனிதர், தன் பெயர் இல்லாத அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, உள்ளே அச்சுப்பிழை தேட ஆரம்பித்தார். எனக்கு அழுகையாக வந்தது.

3.

ஆட்சி கவிழ்ந்த பிறகு ஸ்மராந்தா வந்தாள். அதற்குள் அவர் போய்ச் சேர்ந்திருந்தார். [சாகாமல் வைத்து ஒரு முடிவு எழுதினேன். ரயிலடியில் இருவரும் ஒருவரை ஒருவர்... வெட்கமாக இருந்தது, கிழித்தேன்.] தொலைபேசியை ஒட்டுக்கேட்பார்கள் என்று அவர் அவளிடம் எதையும் சொன்னதில்லை.

கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, மறைக்காம சொல்லுங்க. அப்பாவும் எனக்கு எதிரா கையெழுத்துப் போட்டாரா?"

"போடல."

"எல்லா வீட்லயும் இதையேதான் சொல்றாங்க. ஆதாரம் இருக்கா?"

அப்பனுக்குத் தப்பாத பெண். போடாத கையெழுத்துக்கு எந்தத் தாளைப் போய்க் காட்டுவது? உள்ளே போய் அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். போட்டிருந்தால் இதில் அவர் பெயர் இருந்திருக்கும் என்றேன்.

அட்டையில் தேடினாள். முதல் பக்கத்தில் தேடினாள். முன்னுரையில், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில், விரலை வைத்து வரிவரியாகத் தேடினாள். எங்கேயும் இல்லை.

"அப்ப அப்பா..." என்று ஆரம்பித்தாள். அதுவரைதான் நிஜம். மீதியை நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்துவிட்டேன். என்னால் ஆகாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.