ஈஸ்டருக்குப் பின்னும் ஒருசந்தி

எங்கள் மகள் ஜெனாட் இந்தத் தவக்காலத்தில் திடீரென்று பெரிய பக்தையாகிவிட்டாள். நாங்கள் கத்தோலிக்கர். ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி பிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல. அவளோ ஒரு அப்பிளோடு நாளை ஓட்டினாள். என் மனைவி கிளடிசுக்குத் தலைகால் புரியவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்களிடமெல்லாம், "எங்கட பிள்ளை ஒரு நாளும் விடாமல் பிடிக்கிறாள்" என்று சொல்லித் திரிந்தாள். கனடாவில் பிறந்த பிள்ளை இப்படியா என்று அன்ரிமார் மூக்கில் விரல் வைத்தார்கள்.

பேஸ்மென்ரில் அவள் கொரியன் கே-பொப் பாட்டுப் போட்டு ஆடும் சத்தம் நாள்தோறும் கேட்டது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடும் மூளை எனக்கு இருக்கவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் புட்டும் ஆட்டிறைச்சிக் குழம்பும். எங்கள் வெக்ஸ்போர்ட் பக்கம் முழுக்க மணந்திருக்கும். ஜெனாட் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"நான் இன்னும் ஒருசந்தி."

"ஆண்டவரே உயிர்த்திட்டார். இனி என்னத்துக்கடி ஒருசந்தி?" என்றாள் கிளடிஸ்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வருகிற சனிக்கிழமை டவுன்ரவுனில் ஒடிசன். கொரியாவிலிருந்து ஒரு கே-பொப் கொம்பனி பாட, ஆட ஆள் எடுக்க வருகிறது. எடுபட்டால் அங்கே போய்ப் பயிற்சி. கிழமைக்குக் கிழமை நிறை பார்ப்பார்களாம்.

"சாப்பிட்டா ஐ வோன்ற் மேக் இற், அம்மா. என்னை எடுக்கமாட்டினம். எத்தினை வருசமா இதுக்குத்தானே பிராக்டிஸ்."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். கிளடிஸ் முந்திவிட்டாள். தன் தட்டை மூடினாள். என் தட்டையும் இழுத்து மூடினாள்.

"இவள் வாயில வைக்கும் மட்டும் இந்த வீட்டில ஒருத்தரும் சாப்பிடேலாது."

"நான் இன்சுலின் போட்டிட்டன், கிளடிஸ்."

"போட்டா இருங்கோ." அவள் என்னைப் பார்க்கவில்லை. மகளையே பார்த்தாள்.

ஜெனாட்டின் முகம் மாறியது. "அம்மா, சாப்பிடாட்டி அப்பாவுக்கு சுகர் லோவாகும்! ஸ்ரொப் இற்!"

கிளடிஸ் அசையவில்லை. ஜெனாட் என் தட்டைத் திறந்து, புட்டைக் குழம்பில் குழைத்து என் வாயில் வைத்தாள். மணிக்கட்டில் எலும்பு தள்ளிக்கொண்டு நின்றது. என் நோய்க்குப் பயந்த பிள்ளைக்குத் தன் உடம்பு தெரியவில்லையே என்று நினைத்தேன். நாலு வாய் வாங்கிக்கொண்டு அடுத்ததை மறுத்துவிட்டேன்.

"இதை நீ சாப்பிடு," என்றேன்.

கையிலிருந்ததை அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் வாயில் வைத்தாள். மெல்லும்போதே அழத் தொடங்கினாள்.

"சனிக்கிழமை என்னை எடுக்காட்டி?"

கிளடிஸ் எழும்பிப் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "நாங்கள் கூட்டிக்கொண்டு போறம். வடிவா ஆடு. எடுத்தாலும் வீட்டை வந்து சாப்பிடு, எடுக்காட்டியும் வீட்டை வந்து சாப்பிடு. பட்டினி கிடந்தாத்தான் எடுப்பம் எண்டு சொன்னா, அங்க நான் உன்னை விடன்."

ஜெனாட் அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்தபடி கேட்டாள்:

"இறைச்சி இன்னும் இருக்கோ?"