அணு உலையும் ஆயிரம் பஸ்ஸும்

முத்தையன்கட்டில் நாங்கள் இடம்பெயர்ந்து தங்கியிருந்த ஓலைக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது இவருடைய கடிதத்துக்கு மூன்று மாத வயது. தொண்ணூறில், கிருசாந்தி என் வயிற்றில் இருக்கும்போது, வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவர். இப்போது மகளுக்கு ஒன்பது வயது. "அணு உலைக்குப் பக்கத்தில வேலை கிடைச்சிருக்கு. வீடும் எடுத்திட்டன். நீரும் பிள்ளையும் வாங்கோ. வாறதோ இல்லையோ, இந்த முறை முடிவாப் பதில் எழுதும்" என்று எழுதியிருந்தார்.

உலை என்றால் எனக்குச் சோற்று உலைதான். சுடுதண்ணீர் வைக்கத் தெரியாத மனிதருக்கு உலையில் என்ன வேலை? பக்கத்துக் கொட்டில் இளையதம்பி அண்ணையிடம் போனேன். நீர்ப்பாசனக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர், கிடைக்கிற பேப்பரையெல்லாம் வாசிப்பவர்.

"அது அரிசி போடுற உலை இல்லைப் பிள்ளை. அணுவை உடைக்க வாற சூட்டில தண்ணி கொதிக்கும். ஆவி சக்கரத்தைச் சுத்தும், கரண்ட் வரும். அவர் இருக்கிற ஊரில முதல் உலை எண்பத்துமூண்டு ஆடியிலதான் தொடங்கினது."

அதே ஆடியில்தான் கொழும்புக் கலவரத்தில் என் அப்பாவின் கடை எரிந்தது. இரண்டு நெருப்பும் என் தலைக்குள் ஒன்றாகிவிட்டன.

"ஆபத்தில்லையோ அண்ணை?"

"எண்பத்தாறில சோவியத்தில ஒண்டு வெடிச்சது. ஆயிரம் பஸ் விட்டுச் சனத்தை ஏத்தினவை. மூண்டு நாளில திரும்பலாமெண்டு சொன்னவையாம். இண்டைவரைக்கும் விடேல்லை."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான். கேட்காமலே இருந்திருக்கலாம். போனால் உலை வெடிக்குமா, இருந்தால் ஷெல் விழுமா? ஒரே இடியப்பச் சிக்கல். கடிதத்தை மறுபடி எடுத்தேன். முதலில் நான் பார்க்காத பின்பக்கத்திலும் எழுதியிருந்தார்.

"பயப்படாதையும். ஏதும் நடந்தால் சைரன் ஊதும், பஸ் வரும். எந்த ஊருக்குப் போறது, எந்தப் பள்ளிக்கூடத்தில தங்கிறது எல்லாம் முதலே எழுதி வைச்சிருக்கினம். போன மாசம் சனத்தை ஏத்தி ஒத்திகையும் பாத்தவை."

இடம்பெயர்வுக்கு ஒத்திகையா? தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே கிளம்பியபோது, கிருசாந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தை மழையில் நடந்து கடந்தவள் நான். அதற்குப் பிறகு நான்கு தரம் ஓடியாயிற்று. எந்தத் தரமும் எங்களை ஏற்ற ஒரு பஸ் வரவில்லை. ஆபத்தை முதலே எழுதி வைத்திருக்கிற ஊர் ஆபத்தான ஊரா, ஆபத்தில்லாத ஊரா? எனக்கு விளங்கவில்லை. விளங்காததில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது.

கிருசாந்தியின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் பதில் எழுதினேன்.

"உங்கட உலை எனக்கு இன்னும் விளங்கேல்லை. பஸ் வருமெண்டது உண்மையோ? உண்மையெண்டால் வாறம்."